உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஸ்வெட்டருக்கு 60,000 கண்ணி!

கொச்சி தோப்பும்படியில் உட்கார்ந்துகொண்டு ஸ்வெட்டர் பற்றி எழுதினால் யாருக்கும் சிரிப்புதான் வரும். மார்கழியிலும் ஃபேன் ஓடும் ஊர்! கொஞ்சம் பொறுங்கள். படித்து முடித்ததும் பீரோவில் தூங்கும் ஸ்வெட்டரை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்க்கப்போகிறீர்கள். பந்தயம்!

துறைமுகத்திலேயே தொடங்குவோம்

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் காது கொடுங்கள். மலையாளத்துக்கு நடுவே கன்னியாகுமரித் தமிழ் கேட்கும்! ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் தூத்தூர் பக்கத்துக்காரர்கள் ஏராளம்.

வலை பழுது பார்ப்பவரின் கையைக் கவனியுங்கள். தட்டையான ஊசி. நூல் அந்த ஊசிக்குள்ளேயே சுற்றியிருக்கும். விரலில் ஒரு வளையம், ஊசி உள்ளே, ஒரு சுண்டு. முடிச்சு விழுந்தாச்சு! அடுத்த கண்ணி.

வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு. கையால் பின்னும் ஸ்வெட்டரில் 60,000 கண்ணி இருந்தும் ஒரு கண்ணிக்குக்கூட முடிச்சு கிடையாது! நுனியைப் பிடித்து இழுத்தால் முழு ஸ்வெட்டரும் நூலாகிவிடும்.

இழுவலையின் வாய் அகலம், வால் குறுகல். கையால் பின்னும்போது வரிசைக்கு வரிசை கண்ணியைக் குறைத்தே அந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்வெட்டரின் கை மணிக்கட்டை நோக்கி ஒல்லியாவதும் இதே கணக்கில்தான்!

செவுள் வலை கோப்பதைப் பார்த்தால் தலை சுற்றும். 100 மீட்டர் வலையை 50 மீட்டர் கயிற்றில் கோப்பார்கள்! அப்போதுதான் கண்ணி விரிந்து நிற்கும்.

சாய்ந்த கண்ணியை இழுத்தால் மூடிக்கொள்ளும். சதுரக் கண்ணி மூடாது. குஞ்சு மீன் நழுவித் தப்பிவிடும்! இந்தச் சதுரக் கண்ணி வலையைப் பரப்பிய சிஃப்ட் ஆய்வு நிறுவனம் இருப்பது தோப்பும்படிக்குப் பக்கத்து வில்லிங்டன் தீவில்!

சரி, ஸ்வெட்டர் எதற்கு? தோப்பும்படியிலிருந்து மூணாறு சுமார் 130 கிலோமீட்டர்தான். சில ஜனவரிகளில் அங்கே பூஜ்ஜியத்துக்கும் கீழே! காலையில் இங்கே வியர்வை, ராத்திரி அங்கே உறைபனி.

கொச்சியில் போர்த்துகீசியர் கொடி பறந்தது 1503 முதல் 1663 வரை. அவர்கள் நாட்டில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் நூலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பின்னுவார்கள்! விரலுக்கு வேலை பாதி. கட்டைவிரலின் ஒரு தட்டில் ஒரு கண்ணி.

அளவு கணக்கில் ஆயிரம் வித்தை

பெரியவர் ஒருவருக்குக் கொஞ்சம் தடித்த நூலில் முழுக்கை ஸ்வெட்டர். உடம்புக்கு 26,000 கண்ணி. இரண்டு கைக்கும் 16,000. தோள்பட்டை வளையத்துக்கு 14,000. விளிம்பு, கழுத்துப் பட்டி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 60,000!

ஒரு கண்ணிக்கு 2 சென்டிமீட்டர் நூல் போகும். பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 1.2 கிலோமீட்டர்! அத்தனையையும் நீங்கள் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள்.

10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி? ஸ்வெட்டரின் தலையெழுத்தே இதில்தான். 22 கண்ணி வரவேண்டிய இடத்தில் கை இறுகி 24 வந்துவிட்டது என்று வையுங்கள். 100 சென்டிமீட்டர் மார்புச் சுற்று 92 ஆகிவிடும். இரண்டே கண்ணி. 8 சென்டிமீட்டர் காலி!

அதனால்தான் கெட்டிக்காரர்கள் முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னுவார்கள். அதைத் துவைத்து, காயவைத்து, பிறகுதான் ஸ்கேல் வைப்பார்கள். துவைக்கும் முன் ஓர் அளவு, துவைத்த பின் வேறு அளவு!

இன்னொரு வேடிக்கை. தட்டையாகப் பின்னினால் ஓர் அளவு, வட்டமாகப் பின்னினால் ஓர் அளவு! அதே கை, அதே ஊசி, அதே நூல்.

கண்ணி சதுரம் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! அகலம் அதிகம், உயரம் குறைவு. கட்டம் போட்ட நோட்டில் அழகான வட்டம் வரைந்து அப்படியே பின்னினால் வருவது வட்டமல்ல, நசுங்கிய முட்டை!

24 கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வரும் பூ டிசைன். சுற்றளவில் 9 பூ என்றால் 216 கண்ணி. கொஞ்சம் லூசாக வேண்டுமா? 217 போட முடியாது. ஒரு பூவையே கூட்டி 240-க்குத்தான் தாவவேண்டும். ஒரே தாவலில் 11 சென்டிமீட்டர்!

அதற்கும் ஒரு குறுக்கு வழி. கண்ணியைத் தொடாதீர்கள், ஊசியை மாற்றுங்கள்! அதே 216 கண்ணி, மெல்லிய ஊசியில் மார்புச் சுற்று 90 சென்டிமீட்டர். ஒரு சுற்று பெரிய ஊசியில் 98. அதற்கும் பெரியதில் 108. ஒரே டிசைன், மூன்று சைஸ்!

ஊசி வாங்கப் போகிறீர்களா? நம்மூர்க் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான். 8-ஆம் நம்பர் ஊசி 4 மில்லிமீட்டர். 14-ஆம் நம்பர் வெறும் 2 மில்லிமீட்டர். நம்பர் ஏற ஏற ஊசி இளைக்கும்!

அமெரிக்காவில் எல்லாமே தலைகீழ். அங்கே நம்பர் ஏற ஏற ஊசி பெருக்கும். அவர்களின் 8-ஆம் நம்பர் 5 மில்லிமீட்டர்! அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து நம்மூர் ஊசியில் பின்னினால் அண்ணனுக்கு ஆரம்பித்தது தம்பிக்குத்தான் ஆகும்!

எலிசபெத் ஸிம்மர்மன். 1910-இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பின்னல் ஆசிரியை. ஸ்வெட்டர் முழுவதையும் சதவீதத்திலேயே சொல்லிவிட்டார்! மார்பு 100 என்றால் மணிக்கட்டு 20, மேற்கை 33 முதல் 35, கழுத்து 40. எந்த நூலுக்கும், எந்த உடம்புக்கும் இதே கணக்கு!

போட்டுப் பாருங்கள். மார்புக்கு 200 கண்ணியா? மணிக்கட்டுக்கு 40. கழுத்துக்கு 80. ஒரே ஓர் எண் தெரிந்தால் போதும், முழு ஸ்வெட்டர் தயார்!

மனிதக் கழுத்து முன்பக்கம் இறங்கி, பின்பக்கம் ஏறியிருக்கும். முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் பின்னினால் ஸ்வெட்டர் தொண்டையை நெரிக்கும். மருந்து என்ன தெரியுமா? பின்பக்கம் மட்டும் பாதி வரை போய்த் திரும்பி வரும் சில குட்டி வரிசைகள். 3, 4 சென்டிமீட்டர் ஏற்றினால் கழுத்து விடுதலை!

இதே குட்டி வரிசைகளை முன்பக்கம் போட்டால் தொப்பைக்கும் இடம் கிடைக்கும்! தையல் இல்லை, ஒட்டு இல்லை.

உடம்பு அளவுக்கே பின்னினால் பனியன் ஆகிவிடும். ஸ்வெட்டருக்கு மார்பில் 5 முதல் 10 சென்டிமீட்டர் தாராளம் வேண்டும். டேப்பை எங்கே வைக்கலாம்? உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் பழைய ஸ்வெட்டரின் மேல்! உடம்பை அளப்பதைவிட நம்பகம்.

இரண்டு நிறம், ஒரே வரிசை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் ஐல் என்று ஒரு குட்டித் தீவு. மக்கள்தொகை நூறைத் தொடாது. உலகத்தின் புகழ்பெற்ற வண்ண ஸ்வெட்டர் அங்கிருந்துதான்!

அதைப் பார்த்தால் பத்து நிறம் துள்ளும். உற்றுப் பாருங்கள். எந்த வரிசையிலும் இரண்டே நிறம்! மூன்றாவது நிறத்துக்கு அனுமதியே இல்லை.

அப்படியானால் வேலை செய்யாத நிறம் எங்கே போகிறது? உள்பக்கம் திருப்புங்கள். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவும் நூல் இழைகள் வரிவரியாகப் படுத்திருக்கும். முன்பக்கம் பூ. பின்பக்கம் அச்சு அசல் அதன் நெகட்டிவ்!

இந்தப் பின்பக்க இழைகளால் துணி இரட்டைத் தடிமன் ஆகிறது. அழகுக்குப் போட்ட டிசைன், குளிருக்கு இரட்டைக் கவசம்!

அந்த இழை நீளமாக இருந்தால் ஆபத்து. கை நுழைக்கும்போது விரல், மோதிரம் எல்லாம் மாட்டும். 3 சென்டிமீட்டர் தாண்டினால் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துவிட வேண்டும்!

இழையை இறுக்கி இழுத்தாலும் ஆபத்து. துணி சுருங்கி, தலை நுழையாது! வண்ணப் பகுதி வந்ததும் அனுபவசாலிகள் சத்தமில்லாமல் ஒரு சுற்றுப் பெரிய ஊசிக்கு மாறிவிடுவார்கள்.

நுணுக்கத்திலும் நுணுக்கம் இது. இரண்டு நூலில் எது கீழே வருகிறதோ, அந்த நிறம்தான் முன்பக்கத்தில் எடுப்பாகத் தெரியும்! பாதியில் நூல் இடம் மாறினால் பூவே மங்கிவிடும்.

நிறம் பொருந்துமா என்று குழப்பமா? நூல்கண்டுகளை அருகருகே வைத்து போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் டிசைன் காணாமல் போகும்! கிளிப்பச்சையும் ஆரஞ்சும் இப்படித்தான் பலரை ஏமாற்றும்.

24 கண்ணி, இரண்டு நிறம். ஒரே ஒரு வரிசையை எத்தனை விதமாகப் பின்னலாம்? 1,67,77,216 விதம்! ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம்தான் குறைவு!

24 வரிசை உயரமும் சேர்த்தால்? விதங்களின் எண்ணிக்கையை எழுதவே 174 இலக்கம் வேண்டும்!

நூல் தீர்ந்துவிட்டதா? முடிச்சுப் போடாதீர்கள். எச்சில் தொட்டு இரண்டு நுனியையும் உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். அசல் கம்பளி என்றால் ஒட்டிக்கொள்ளும்! உலகம் முழுக்கப் பின்னுகிறவர்கள் கூச்சப்படாமல் செய்யும் வேலை.

கத்தரி வைக்கலாம், பயப்படாதீர்கள்!

முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டரை ஷெட்லாந்து தீவுக்காரர்கள் எப்படிப் பின்னுகிறார்கள்? முதலில் குழாய் மாதிரி முழு வட்டம். பிறகு கத்தரியால் நடுவே ஒரே வெட்டு!

60,000 கண்ணியில் பாதிக்கு மேல் முடித்தபிறகு அந்த வெட்டு! வெட்டுவதற்கென்றே 5 முதல் 10 கண்ணி வரை கூடுதலாகப் பின்னியிருப்பார்கள். கத்தரி அதன் நடுக்கோட்டில் மேலேறும். கண்ணிகள் ஒவ்வொன்றாகத் திறந்து, அப்படியே நிற்கும். பிரியாது!

ரகசியம் கம்பளியில். ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள். ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்!

நம்மூரில் ‘உல்லன்’ என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதில் செதில் கிடையாது. தையல் மெஷினில் இரண்டு வரிசை ஓட்டாமல் வெட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடும்!

கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரம் குடிக்கும். அப்படியும் தொட்டால் ஈரம் தெரியாது!

நம்ம பக்கத்துக் கம்பளி

கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர். அங்கே மேய்வது பாரத் மெரினோ ஆடு! மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சிக்கு 1965 முதல் அங்கே ஒரு பண்ணை. மெல்லிய கம்பளி, திண்டுக்கல் மாவட்டத்தில்!

ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா. நீலகிரி ஆட்டினத்தைக் காப்பாற்றும் பண்ணை அங்கே. இந்த இனத்தின் ரத்தத்தில் கோயம்புத்தூர் ஆடும் இருக்கிறது, டாஸ்மேனியா மெரினோவும் இருக்கிறது!

சேலம் பக்கத்து மேச்சேரி ஆடு செம்மறிதான். கம்பளி மட்டும் கேட்காதீர்கள். உடம்பில் வெறும் முடிதான்! தோலுக்குத்தான் அதற்குப் பெயர்.

நீலகிரித் தோடர்களின் புத்துக்குளிச் சால்வை. வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்புமாக டிசைன். வரைபடம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும்! இந்த ஊசி வேலைப்பாடு 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது.

இந்தியாவுக்கே சொந்தமான வண்ணப் பின்னல் உண்டா? உண்டு! இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்குக் காலுறையும் கையுறையும். கட்டம் கட்டமாகப் பல நிறம். புவிசார் குறியீடும் கையில்!

லாஹௌலுக்குப் பின்னல் போன கதை இன்னும் ஆச்சரியம். 1850-களில் கேலாங்கில் வந்து இறங்கிய மொரேவியன் மிஷனரிகள் சொல்லிக்கொடுத்தது. கடல் மட்டத்துக்கு 3,000 மீட்டர் மேலே!

குளிர்காலத்தில் ஊர் ஊராக ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்வெட்டர்கள் திபெத்திலிருந்து வருகின்றன என்று நினைத்தீர்களா? பெரும்பாலும் லூதியானா சரக்கு! பலருக்கும் கடனாகவே கிடைக்கும். விற்றுவிட்டுக் கட்டலாம்!

இலங்கை நுவரெலியாவில் ஸ்வெட்டருக்கும் ஜெர்கினுக்கும் தனிச் சந்தையே உண்டு. பெயர் பேல் பஜார். ஏற்றுமதியில் மிஞ்சியது எல்லாம் அங்கே குவியும்!

மூணாறில் தேயிலைத் தொழிலாளர் வீட்டு மாற்றுத்திறனாளிகள் இயற்கைச் சாயம் போடும் இடம் ‘ஆரண்யா’. தேயிலைக் கழிவில் ஒரு நிறம், யூகலிப்டஸில் ஒரு நிறம்! வேண்டாமென்று ஒதுக்கும் கழிவு, அங்கே துணியில் ஏறி உட்காருகிறது.

சரித்திரத்தைப் பிரித்தால்

உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல்களில் சில எகிப்துக் காலுறைகள். கிட்டத்தட்ட 800 வயது! பருத்தி நூல், நீலமும் வெள்ளையும். பழசு என்றால் ஒரே நிறமாக இருக்கும் என்று யார் சொன்னது?

ஜெர்மனியில் 1400-ஐ ஒட்டிய ஒரு தேவாலய ஓவியம். மாதா உட்கார்ந்து நான்கு ஊசியில் சட்டை பின்னுகிறார்! வட்டமாக, ஒட்டே இல்லாமல்.

1589-இல் வில்லியம் லீ காலுறை பின்னும் எந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்த காலத்திலேயே பின்னல் மெஷின்!

1922. வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் கோல்ஃப் மைதானத்துக்கு ஃபேர் ஐல் ஸ்வெட்டரோடு வந்தார். அவ்வளவுதான். உலகமே அதைக் கேட்க ஆரம்பித்தது! விளம்பரச் செலவு பூஜ்ஜியம்.

ஸ்வீடனின் பூஹூஸ் பகுதியில் கல் உடைக்கும் வேலை படுத்துவிட்டது. தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஊசியைக் கையில் எடுத்தார்கள். 1939 முதல் 1969 வரை அவர்கள் பின்னிய ஸ்வெட்டர்கள் இன்று மியூசியத்தில்!

1942. நார்வேயில் நாஜிகள் ஒரு பின்னல் தொப்பிக்கே தடை போட்டார்கள். குற்றம் என்ன? நிறம் சிவப்பு! எதிர்ப்பின் அடையாளமாகி ஊரே போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஸ்வெட்டர் பின்னும் குறிப்பைத் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடத் தடை! அந்த எண்களுக்குள் உளவுச் சங்கேதம் இருக்குமோ என்று தணிக்கைக்காரர்களுக்குப் பயம்.

பெருவில் தாகிலே என்ற தீவு. அங்கே ஊசி பிடிப்பவர்கள் ஆண்கள்! தலையில் இருக்கும் பின்னல் தொப்பியைப் பார்த்தே கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்று சொல்லிவிடலாம்.

பிரான்சின் லாண்ட் பகுதியில் அந்தக்கால ஆட்டிடையர்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு சதுப்பு நிலத்தில் ஆடு மேய்த்தார்கள். மேலே நின்றபடியே பின்னலும் நடக்கும்!

1981. டயானா போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டர். வெள்ளை ஆட்டு மந்தை, நடுவில் ஒரே ஒரு கறுப்பு ஆடு. 2023-இல் நியூயார்க்கில் ஏலம் போனது. விலை 11.43 லட்சம் டாலர். அன்றைய ரூபாயில் ஒன்பதரைக் கோடி! அதுவும் கைப்பட்டியில் சேதமான ஸ்வெட்டர்.

சைஸ் சொல்லுங்க, பின்னிடலாம்!

யானைக்கு ஸ்வெட்டர் பார்த்திருக்கிறீர்களா? கேரளத்தில் இல்லை, மதுராவில்! 2017 ஜனவரிக் குளிரில், மீட்கப்பட்ட யானைகளுக்குப் பக்கத்துக் கிராமப் பெண்கள் கலர் கலராகப் பின்னிப் போட்டார்கள். முதுகுக்கு ஒன்று, காலுக்குத் தனி!

பெங்குவினுக்கும் உண்டு! எண்ணெய் படிந்த குட்டிப் பெங்குவின்கள் அலகால் உடம்பைக் கோதி விஷத்தை விழுங்கிவிடாமல் இருக்க, ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் குட்டி ஸ்வெட்டர் மாட்டிவிட்டார்கள்.

பின்னிக் கொடுத்தவர்களில் ஒருவர் ஆல்ஃபி டேட். வயது நூறைத் தாண்டியவர்!

ஊசியை விட்டுக் கொக்கிக்கு வருவோம். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் க்ரோஷே குவீன்ஸ்’. 2016 ஜனவரி 31 அன்று பெண்கள் பின்னிய துண்டுகளை இணைத்து ஒரே போர்வை. பரப்பு 11,148.5 சதுர மீட்டர். கின்னஸ் சாதனை! ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்.

அடுத்த வருஷமே ஸ்கார்ஃப். நீளம் 14 கிலோமீட்டருக்கு மேல்! மறுபடி கின்னஸ், மறுபடி சென்னை.

அமெரிக்காவில் டேவிட் பாப்காக் என்பவர் 2013-இல் மாரத்தான் ஓடிக்கொண்டே ஸ்கார்ஃப் பின்னினார். எல்லைக்கோட்டைத் தொட்டபோது நீளம் 12 அடி!

வேகம் என்றால் இதுதான்

ஷெட்லாந்தின் ஹேஸல் டிண்டால். 2008-இல் நடந்த போட்டியில் 3 நிமிடத்தில் 262 கண்ணி! ஒரு நொடி முடிவதற்குள் ஒன்று விழும்.

அந்த வேகத்தில் விடாமல் பின்னினால் நம் 60,000 கண்ணி முடிய பதினொன்றரை மணி நேரம். சாப்பாடு, தூக்கம், காபி எதுவும் கிடையாது!

இப்போது திருப்பூருக்கு வாருங்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரே ஊரிலிருந்து!

அங்கே ஒரு வட்டப் பின்னல் மெஷின். 30 டயா, 24 கேஜ். அதாவது வட்டத்தின் குறுக்களவு 30 அங்குலம், அங்குலத்துக்கு 24 ஊசி. மொத்தம் சுமார் 2,260 ஊசி!

அதில் நூல் போகும் வழி மட்டும் 90. நிமிடத்துக்கு 25 சுற்று. கால்குலேட்டரை எடுங்கள். நிமிடத்துக்கு 50 லட்சம் கண்ணி!

நொடிக்கு எவ்வளவு? 84,000-க்கு மேல்! ஹேஸலுக்குப் பதினொன்றரை மணி நேரம் பிடிக்கும் வேலைக்கு, திருப்பூர் மெஷினுக்கு ஒரு நொடியே அதிகம்!

ஆனால் நடுவே ஒரு பூவைக் கூட்டச் சொல்லுங்கள், அண்ணன் தொப்பைக்கு நாலு வரிசை சேர்க்கச் சொல்லுங்கள். பனியன் துணி ஓட்டும் மெஷினால் முடியாது! ஊசி பிடித்த கைக்கு அது அரை மணி நேர வேலை.

கடைசியாக ஒன்று. பின்னல் பூமியைவிட்டே போய்விட்டது! செயற்கைக்கோள்களில் குடைபோல விரியும் ராட்சத ஆன்டெனாக்களுக்குத் தங்க முலாம் பூசிய மெல்லிய கம்பியையே வலையாகப் பின்னுகிறார்கள். மடித்தால் சுருங்கும், விரித்தால் இழுத்துப் பிடிக்கும்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் செயற்கைக்கோளின் ஆன்டெனாவிலும் தங்க முலாம் பூசிய வலைதான். விண்வெளியில் விரிந்தபோது அதன் குறுக்களவு 12 மீட்டர்!